பொட்டு வைத்த வோல்ட்மீட்டர்

நடந்தது வரிசையாக இதுதான்:

1. ஆயுத பூஜையன்று எங்கள் சோதனை மேசையின் வோல்ட்மீட்டருக்கு முதலாளியம்மா தாராளமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.
2. சந்தனம் கண்ணாடியில் 190க்கும் 220க்கும் இடைப்பட்ட எண்களை மறைத்துக்கொண்டு காய்ந்தது.
3. பூஜைப் பொட்டை அழிக்கக் கூடாது என்பதால் யாரும் அதைத் தொடவில்லை.
4. மதியத்தில் மீட்டரின் முள் பொட்டுக்குப் பின்னால் போய் நின்றது.
5. கோமதி அக்கா சுற்றிய காயில்கள் மட்டும் சோதனையில் தோற்றன.
6. கம்பெனியில் தயிர் சாதம் தடை செய்யப்பட்டது.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஏதோ ஒரு வரி விட்டுப்போனதாகத் தோன்றலாம். விட்டுப்போகவில்லை. எங்கள் கம்பெனியில் அப்படித்தான் ஐந்திலிருந்து ஆறுக்குப் போனார்கள்.

நான் ஓய்வு பெற்றவள். வயது முப்பத்து மூன்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் டீ பாய்லர்களுக்கான ஹீட்டர் எலிமென்ட் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தேன். தானியங்கிச் சோதனை இயந்திரம் வந்ததும் பிரிவை மூடி, இருந்தவர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் யாருடையது என்று கேட்கவில்லை. விடைபெறும் நாளில் சால்வை போர்த்தி ஒரு வாழ்த்து மடலும் வாசித்தார்கள். கம்பெனியிடம் இருந்தது ஒரே ஒரு வாழ்த்து மடல். அதில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். பேரப்பிள்ளைகளோடு கொஞ்சி மகிழ்ந்து மீதிக் காலத்தைக் கழிக்கும்படி அது என்னை வாழ்த்தியது. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

ஆவடிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளமோ படித்தேன், ஒரு வருடம் பயிற்சியாளராக அளவுமானிகளைத் துடைத்தேன், பிறகு வேலைக்குச் சேர்ந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. கம்பெனியின் மற்ற பிரிவுகளில் எனக்குப் பிறகு சேர்ந்த பெண்கள் வாட்ஸ்அப் குழுவில், "அக்கா, அந்தத் தயிர் சாத விஷயம் நிஜமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நிஜம்.

முதலில் சோதனை முறையைச் சொல்லிவிடுகிறேன். எலிமென்ட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, அதன் இரு முனைகளிலும் கிளிப் மாட்டி, சுவிட்சைப் போட வேண்டும். வோல்ட்மீட்டர் மின்னழுத்தத்தைக் காட்டும், அம்மீட்டர் மின்னோட்டத்தைக் காட்டும். இரண்டையும் பெருக்கினால் வாட். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் ஓம், அதாவது கம்பியின் மின்தடை. எங்கள் எலிமென்ட் ஆயிரம் வாட். 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுக்க வேண்டும். அப்போது தடை ஏறத்தாழ 53 ஓம். தொள்ளாயிரம் வாட்டுக்குக் கீழே போனால் ரிஜெக்ட்.

எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் கணக்குக்கு இரண்டு எண் வேண்டும். எங்கள் பதிவுத் தாளில் ஆம்பியருக்கு மட்டும்தான் காலிக் கட்டம் இருந்தது. வோல்ட் கட்டத்தில் 230 என்று அச்சடித்தே வரும். எழுதும் நேரம் மிச்சமாகட்டும் என்று தரப்பிரிவு மேலாளர் வரதன் சார் செய்த ஏற்பாடு அது. அந்த யோசனைக்காக அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசாகக் கிடைத்திருந்தது.

வரதன் சார் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. யாரையும் திட்டியதில்லை. பச்சை மையில்தான் கையெழுத்துப் போடுவார். ஒரு பிரச்சினையைக் கொண்டுபோனால் கண்ணை மூடிக் கேட்பார், திறப்பார், மென்மையாகச் சொல்வார்: "யாருன்னு மட்டும் சொல்லும்மா. ஏன்னு நான் பாத்துக்கறேன்." அவருடைய முப்பது வருட அனுபவத்தின் சாரம் அந்த இரண்டு வாக்கியம். எந்தப் பிழைக்கும் ஆள் கிடைத்துவிட்டால் காரணம் தானாக வரும் என்று உறுதியாக நம்பினார். அவரைப் பொறுத்தவரை அது தவறியதே இல்லை.

கம்பெனியில் எலிமென்ட்டுக்குள் போகும் கம்பிச் சுருளான காயிலைச் சுற்றும் இயந்திரம் மூன்று. பெட்டிகள் இயந்திர எண் வரிசையில்தான் என் மேசைக்கு வரும். முதல் இரண்டு இயந்திரங்களின் எலிமென்ட்கள் காலையில், மூன்றாவதின் எலிமென்ட்கள் சாப்பாட்டுக்குப் பிறகு. மூன்றாவதில் கோமதி அக்கா. கோவில்பதாகையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். எட்டு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. அந்த ஆண்டு சுற்றும் பிரிவில் மூவரையும் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதுவரை அவருடைய பெட்டியில் ஒன்றுகூடத் தள்ளுபடி ஆனதில்லை.

அந்த வருடப் பூஜைக்காகப் பெருக்கித் துடைத்தபோது பின்கொட்டகையில் இருந்த உலர்த்தும் அடுப்பை எங்கள் இரண்டாம் கொட்டகைக்கு மாற்றினார்கள். எலிமென்ட்டுக்குள் அடைக்கும் தூளின் ஈரத்தைப் போக்குகிற பெரிய மின் அடுப்பு அது. காலை முழுதும் அடுக்கி, சாப்பாட்டுக்குப் பிறகு போடுவார்கள். அதற்குத் தனி லைன் இழுக்கச் சோம்பல்பட்டு, என் சோதனை மேசைக்கு வரும் பழைய லைனிலேயே கொடுத்துவிட்டார்கள். பூஜை முடிந்தது. மறு வாரமே கோமதி அக்காவின் பெட்டிகள் தோற்கத் தொடங்கின.

3.88 ஆம்பியர். 230ஆல் பெருக்கினால் 892 வாட். ரிஜெக்ட். அடுத்தது 3.87. ரிஜெக்ட். பெட்டி முழுக்க அப்படியே.

"இன்னா மேடம், எம் பொட்டி வந்தா மட்டும் ஒங்க மீட்டருக்கு மயக்கம் வருதா?" என்று கேட்டார் கோமதி அக்கா.

நான் தடையைக் கணக்கிட்டேன். 230ஐ 3.88ஆல் வகுத்தால் 59 ஓம். அதாவது கம்பி அதிகமாகச் சுற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். ஆனால் சுற்று எண்ணுவது இயந்திரத்தில் இருக்கும் கவுன்ட்டர், அக்கா இல்லை. தள்ளிய எலிமென்ட் ஒன்றை எடுத்துவைத்து மறுநாள் காலை மாட்டினேன். 4.35 ஆம்பியர். 53 ஓம். தடை என்பது கம்பியின் குணம். அது காலையில் ஒன்றாகவும் மதியத்தில் ஒன்றாகவும் இருக்காது. மாறக்கூடியது மின்னழுத்தம் ஒன்றுதான். அதைக் காட்டவேண்டிய முள் சந்தனத்துக்குப் பின்னால் இருந்தது.

வரதன் சாரிடம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"அதே பீஸ் காலைல பாஸ் ஆயிடுச்சா?"

"ஆமா சார்."

"ராத்திரி முழுக்க ரெஸ்ட்ல இருந்திருக்கு இல்ல? ஸ்ட்ரெஸ் எறங்கியிருக்கும்."

"சார், கம்பிக்கு அப்படியெல்லாம் இல்ல. மதியம் வோல்ட் குறையுது. பொட்டை மட்டும் கொஞ்சம் தொடச்சா..."

"முதலாளியம்மா கையால வச்சது. நான் தொடைக்கவா, நீ தொடைக்கிறியா?"

துடைக்கத் தேவையில்லாத வழியைப் பார்த்தேன். சுவரோடு கன்னத்தை ஒட்டிவைத்து இடப்பக்கமிருந்து எட்டிப் பார்த்தால், சந்தனத்துக்கும் முள்ளுக்கும் இடையே உள்ள சந்தில் முள் 205க்குப் பக்கம் நிற்பது தெரிந்தது. அதையும் போய்ச் சொன்னேன். சார் சிரித்தார். "மீட்டரை நேருக்கு நேரா பாக்கணும். சாஞ்சு பாத்தா ரீடிங் தப்பா வரும்னு பாலிடெக்னிக்ல சொல்லித் தரலையா?" சொல்லித் தந்திருந்தார்கள். நேராகப் பார்த்தால் சந்தனம், சாய்ந்து பார்த்தால் பிழை. நான் என் இடத்துக்குத் திரும்பினேன்.

வீட்டிலிருந்து என் மல்ட்டிமீட்டரைக் கொண்டுவந்து காட்டினேன். 205 வோல்ட். சான்றிதழ் இல்லாத மீட்டர் சொல்வது செல்லாது என்றார். சான்றிதழ் உள்ள மல்ட்டிமீட்டர் கம்பெனியில் ஒன்று உண்டு. பயன்படுத்தினால் துல்லியம் கெட்டுவிடும் என்று பீரோவில் பூட்டி, தணிக்கையாளர் வரும்போது மட்டும் வெளியே எடுப்பார்கள். பெட்டி வரிசையை ஒரு நாள் மாற்றிப் பார்க்கலாமா என்றேன். "வரிசையை மாத்தினா சிஸ்டமே போயிடும்மா," என்றார் உண்மையான வருத்தத்தோடு.

ஆள் யார் என்று தெரிந்துவிட்டதால் அவர் காரணம் தேட ஆரம்பித்திருந்தார். அவருடைய முறை இது: தோற்பவரிடம் உண்டு, தோற்காதவரிடம் இல்லை, அது எது? ஒரு வாரம் மூன்று பெண்களையும் கவனித்தார். மூவருக்கும் ஒரே கம்பி, ஒரே வகை இயந்திரம், ஒரே வெளிச்சம், ஒரே டீ. முதல் இயந்திரத்துப் பெண் சப்பாத்தி கொண்டுவருவாள், இரண்டாவது எலுமிச்சை சாதம். கோமதி அக்கா தினமும் தயிர் சாதம்.

கூட்டம் போட்டு அறிவித்தார். தயிர் மந்தத்தை உண்டாக்குகிறது, மந்தம் கைப்பிடியைத் தளர்த்துகிறது, தளர்ந்த கை அதிகம் சுற்றுகிறது.

கோமதி அக்கா எழுந்து நின்றார். "சார், தயிர் சாதம் துன்னா கம்பி நீளுது. அப்ப வத்தக்கொழம்பு துன்னா குறுவுமா? ரெண்டையும் கலந்து துன்னுட்டு வந்தா கரீட்டா நின்னுடுமா?"

அடுப்பு ஆப்பரேட்டர் மூர்த்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். சார் கோபப்படவில்லை. நல்ல கேள்வி என்று குறித்துக்கொண்டார். ஒருவரை மட்டும் குறிவைத்ததாக இருக்கக் கூடாது என்பதற்காகத் சுற்றும் பிரிவு முழுவதற்கும் தயிர் சாதத்தைத் தடை செய்தார். மறுநாள் கோமதி அக்கா இட்லி கொண்டுவந்தார். அன்றும் பெட்டி தோற்றது. பழைய தயிரின் தாக்கம் உடலில் இருந்து நீங்கச் சில நாள் ஆகும் என்று சார் விளக்கினார். அந்தச் சில நாளும் போன பிறகு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பட்டியலிலிருந்து கோமதி அக்காவின் பெயரை எடுத்துவிட்டு, அவரை ஒப்பந்ததாரரிடமே திருப்பி அனுப்பிவிடலாம் என்று எழுதி வைத்துவிட்டார். முதலாளி பார்த்துக் கையெழுத்திட வேண்டியது மட்டும் பாக்கி.

செய்தி என் மேசைக்கு வந்த பத்து நிமிடத்தில் கோமதி அக்காவும் வந்தார். அழவில்லை.

"ஊட்டுக்காரரு குமணன்சாவடில லோடு வண்டி ஓட்டுறாரு. லோடு இருந்தாத்தான் அவருக்குத் துட்டு. எனக்கு இது போச்சுன்னா ஊடு ஓடாது. மேடம், ஒன்னே ஒன்னு சொல்லு. நான் சுத்துனது தப்பா, தப்பில்லையா?"

"தப்பில்லக்கா. உங்க கம்பி சரியா 53 ஓம் இருக்கு."

"அத்த அவருகிட்ட சொல்லு."

"சொல்லிட்டேன். மூணு வழில சொல்லிட்டேன்."

"நாலாவது வழி இல்லியா?"

இருந்தது. வரதன் சாரே எழுதிய சோதனை நடைமுறையை அன்று நான் முதல் தடவையாக முழுவதும் படித்தேன். நாற்பது பக்கம். எழுதியவரும் அதற்குப் பிறகு படித்திருக்க மாட்டார். நடுவில் இப்படி ஒரு விதி: மேசையின் மீது ஐயம் எழுந்தால் மூல மாதிரியை மாட்டிச் சரிபார்க்க வேண்டும். கீழே பச்சைக் கையெழுத்து.

மூல மாதிரி என்பது கம்பெனி தொடங்கியபோது முதலாளி தன் கையால் சுற்றிய எலிமென்ட். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாலையோடு இருக்கும். சாவி முதலாளியிடம். அதை மாட்டிச் சரிபார்த்தவர் என்று ஒருவர் கம்பெனி வரலாற்றில் இல்லை.

முதலாளி பட்டியலில் கையெழுத்திட வந்தது சாப்பாட்டுக்குப் பிறகு. கொட்டகையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வரதன் சாரோடு என் மேசைக்கு வந்தார். நான் நடைமுறைப் புத்தகத்தைத் திறந்து அந்த விதியைக் காட்டி, "சார், கோமதி அக்கா விஷயத்தை முடிக்கிறதுக்கு முன்னாடி இதை மட்டும் செஞ்சுடலாமா? வரதன் சார் எழுதினதுதான்," என்றேன். வரதன் சார் குனிந்து அது தன் கையெழுத்துதானா என்று சரிபார்த்தார். முதலாளிக்கு உற்சாகமாகிவிட்டது. தானே போய் எலிமென்ட்டை எடுத்துவந்து, மாலையைக் கழற்றி, தொட்டியில் இறக்கினார்.

சுவிட்சைப் போட்டேன்.

"எவ்ளோம்மா?"

"மூணு புள்ளி எட்டு எட்டு சார். எண்ணூத்தித் தொண்ணூத்திரெண்டு வாட்."

"அப்படின்னா?"

"ரிஜெக்ட் சார்."

"நான் சுத்தினதா?"

"ஆமா சார். கம்பி அதிகம்னு கணக்கு சொல்லுது."

மூன்றாவது இயந்திரத்தின் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஐயா, அத்த சுத்துன அன்னிக்கு மதியானம் இன்னா துன்னீங்க?"

முதலாளி நிஜமாகவே யோசித்தார். "தயிர் சாதம்தான். அப்பல்லாம் வேற என்ன?"

வரதன் சார் முன்னால் வந்தார். "சார், பீஸ் கொஞ்சம் பழசாயிட்டதால..."

"பழசாயிடுச்சா? இருவத்தஞ்சு வருஷம் கெடாதுன்னு போன வாரந்தானே நீ ஒரு பார்ட்டிகிட்ட சொன்ன, வரதா?"

அதற்கு மேல் நான் விளக்கவில்லை. அடுப்பை அணைக்கச் சொல்லலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் தலையசைத்தார்.

"சூடு எறங்கிச்சுன்னா நான் பொறுப்பில்ல, எல்லாரும் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு மூர்த்தி சுவிட்சைத் தட்டினார்.

பொட்டின் வலது ஓரத்திலிருந்து முள் வெளியே வந்தது. 230க்கு வந்து நின்றது. அம்மீட்டர் 4.35க்கு ஏறியது. முதலாளி அடுப்பைப் போடச் சொன்னார். முள் சந்தனத்துக்குள் போனது. அணைக்கச் சொன்னார். வந்தது. ஐந்தாறு முறை இப்படி விளையாடினார். கோமதி அக்காவின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினேன். அடுப்பு அணைந்திருக்கும்போது ஆயிரம் வாட்.

அடுப்புக்குத் தனி லைன் இழுக்க உத்தரவானது. பொட்டைத் துடைக்க முதலாளியும் துணியவில்லை. வீட்டில் கேள்வி வரும் என்றார். பழைய மீட்டர் பொட்டோடு அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள் என்றார். அன்று முதல் கும்பிட ஒன்று, பார்க்க ஒன்று என்று எங்களுக்கு இரண்டு வோல்ட்மீட்டர்.

விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். வரதன் சாருக்கு முடியவில்லை. தள்ளுபடியான பெட்டிகளுக்கு ஒரு கோப்பு திறந்திருந்தார். கோப்பை மூடாமல் பட்டியலை அனுப்ப முடியாது. மூடுவதற்குப் பொறுப்பானவர் பெயர் வேண்டும். கோமதி அக்காவைக் கூப்பிட்டு நாற்காலி கொடுத்து உட்காரவைத்தார்.

"தப்பு உன்னோடது இல்லன்னு எல்லாருக்கும் தெரியும்மா. ஆனா ஃபைல்ல ஒரு பேர் வேணும். கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிக் குடு. சாயந்திரமே பெர்மனென்ட் லிஸ்ட்ல பேர் வந்துடும்."

"எழுதலன்னா?"

"ஃபைல் மூடாது. லிஸ்ட் போகாது. ஒரு கையெழுத்துதானே?"

கோமதி அக்கா எழுந்துவிட்டார். "பண்ணாத தப்ப பண்ணேன்னு எழுதிக் குட்த்துட்டு, நாளைக்கு அதே மிஷின்ல எப்டி சார் குந்துவேன்? பக்கத்துல இருக்கிறவ மூஞ்சிய எப்டி பாப்பேன்? வாணாம் சார். ஒப்பந்தக்காரருகிட்டயே அனுப்பிடு. எங்கயாவது சுத்திக்கிறேன்."

வெளியே வந்து பையை எடுத்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் இருங்கக்கா," என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.

"சார், ஃபைலை நான் நிரப்பட்டுமா? எல்லாக் கட்டமும் நிரம்பணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாம்மா."

பொறுப்பானவர் பெயர்: உலர்த்தும் அடுப்பு. பிரிவு: இரண்டாம் கொட்டகை. பணி எண் கட்டத்தில் அடுப்பின் பக்கவாட்டில் பெயின்டால் எழுதியிருந்த எண்ணை எழுதினேன். விளக்கம்: வேலை செய்யும் நேரத்தில் சோதனை மேசையின் மின்னழுத்தத்தை 205க்குக் குறைத்தது. எடுத்த நடவடிக்கை: இடமாற்றம், தனி லைனுக்கு. மறுபயிற்சி அளிக்கப்பட்டதா: தேவைப்படவில்லை, ஒருமுறை சொன்னதும் கேட்டுக்கொண்டது.

வரதன் சார் கண்ணை மூடி யோசித்தார். திறந்தார். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். ஒன்றும் காலியாக இல்லை. பெயர் இருந்தது, எண் இருந்தது. பச்சைப் பேனாவைத் திறந்தார். "இப்படி ஆரம்பத்துலயே யாருன்னு சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

அடுத்த தணிக்கையில் அந்தக் கோப்பு பாராட்டுப் பெற்றது. பொறுப்பானவர் மீது இவ்வளவு விரைவாக நடவடிக்கை எடுத்த கோப்பைத் தான் பார்த்ததில்லை என்று தணிக்கையாளர் குறித்துவிட்டுப் போனார்.

இப்போதைய நிலை இது. வரதன் சார் வயதுப்படி ஓய்வு பெற்று, அதே எஸ்டேட்டில் வேறு கம்பெனிகளுக்குப் பிழை ஆராய்வது எப்படி என்று வகுப்பு எடுக்கிறார். நான் இருந்த இடத்தில் தானியங்கி இயந்திரம் நிற்கிறது. அழுத்தம், ஓட்டம் இரண்டையும் தானே அளக்கிறது. நான் பூந்தமல்லியில் பாலிடெக்னிக் மாணவிகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். கோமதி அக்கா மூன்றாவது இயந்திரத்தில் இருக்கிறார். அவருடைய அடையாள அட்டையில் ஒப்பந்ததாரர் பெயர் இல்லை.